எங்கள் பரம்பரையில் இல்லாத மீனவர்

போன கிழமை மூன்று நாள் சுவிஸ் எல்லையில் உள்ள போடன்சே ஏரியில் மிதந்துவிட்டு வந்தேன். ஏரி ட்ரவுட் என்ற மீனைப் பிடிக்க! சிரிக்காதீர்கள். மீனைச் சட்டிக்கு வெளியே நான் சந்தித்ததே இல்லை என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும்.

தெரியாதவர் ஒருவர் இருந்தார். என்னோடு வேலை செய்யும் ஊலி, சொந்தப் படகு வைத்திருக்கும் சுவிஸ்காரர். குளிர்காலத்தில் ஒரு கோப்பி இடைவேளையில் அவர் மீன்பிடிக் கதை சொல்ல, நானும் விடவில்லை. எங்கள் ஊர் கடற்கரை ஊர், என் அப்பப்பா கட்டுமரத்தில் போனவர், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே என்ன மீன் என்று சொல்வார்... அள்ளிவிட்டேன். வசந்தம் வந்ததும் நீ என் படகில் வரவேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

உண்மையில் என் அப்பப்பா கந்தோரில் கிளார்க். மீன் வாங்கக்கூடக் கடற்கரைக்குப் போகமாட்டார் — ஆள் அனுப்புவார்.

என் மகள் அபிராமி ஆரா நகரில் தாதி. ஜூட் என்றொரு பெடியனை விரும்புகிறாள். இங்கே சுவிஸிலேயே பிறந்தவர், எலக்ட்ரீஷியன், தமிழ் நன்றாகக் கதைப்பார். வேதக்காரர், கிறிஸ்தவர், என்பதை நானும் மனைவியும் எப்படியோ விழுங்கிக்கொண்டோம். ஆனால் கடற்றொழில் செய்த குடும்பம் என்று தெரிந்ததும்... சாதி என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. நாகரிகமானவர்கள் அல்லவா? "எங்கட ஆக்கள் இல்லை" என்றோம். அதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

அபிராமி சண்டை பிடிக்கவில்லை. படகில் இடமிருந்தால் ஜூட்டையும் கூட்டிப் போங்கள், பழகிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். சரி என்றேன். கோப்பிக் கதையை அதற்குள் மறந்தே போயிருந்தேன்.

ஏரி ட்ரவுட் பிடிப்பதென்றால் காத்திருப்பதுதான். படகு நடை வேகத்தில் ஊரும். நூல்கள் பின்னால் வெகுதூரம் இழுபட்டு வரும். கை விறைக்கும். முதல் நாள் ஒன்றும் அகப்படவில்லை. ஜூட்டுக்குத் தலை சுற்றி வாந்தி வேறு. மறுநாள் காலையும் தூண்டில்கள் அசையவில்லை. அலுப்புத் தீர ஊலி கதைக்கத் தொடங்கினார் — என் அப்பப்பாவின் கட்டுமரக் கதையை, ஜூட்டிடம்! நான் சொன்னதைவிட அழகாகச் சொன்னார்.

எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய ஏரியில் முகத்தை ஒளிக்க ஒரு மூலை இல்லை.

நாங்கள் ஏன் தயங்குகிறோம் என்று தெரிந்த ஜூட் என்னைப் பார்த்தார். பிறகு, தானும் அதைக் கேள்விப்பட்டிருப்பதாக ஊலியிடம் சுவிஸ் ஜேர்மனில் சொன்னார். காட்டிக்கொடுத்திருக்கலாம். காப்பாற்றினார்.

மத்தியானம் படகைக் கரையில் கட்டிவிட்டு ஊலி சாப்பிடப் பாண் வாங்கப் போனார். ஜூட் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"அங்கிள், என்ர அப்பப்பா உண்மையாவே கடலுக்குப் போனவர். ஆனா நான் அதை ஒருத்தருக்கும் சொல்லுறேல்ல. எங்கட சனம் கேட்டா ஒரு மாதிரிப் பாக்கும் எண்டு அப்பா சொல்லுவார்." பிளாஸ்கை மூடினார். "நீங்கள் வடிவாச் சொல்லியிருக்கிறியள்."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சுவிஸ்காரனிடம் பெருமை அடிக்க அந்தத் தொழில் வேண்டும், சம்பந்தம் செய்ய வேண்டாம்... இதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரிந்த பெயர்கள் எதுவும் பத்திரிகையில் அச்சிடத் தக்கவை அல்ல.

மூன்றாம் நாள் என் தூண்டில் வளைந்தது. இழுக்கத் தெரியாமல் இழுத்தேன். ஜூட் குனிந்து வலையால் ஏந்தினார். வெள்ளி நிறத்தில், என் கை நீளத்துக்கு ஒரு ட்ரவுட். ஊலி என் முதுகில் தட்டி, இது உன் இரத்தத்தில் இருக்கிறது என்றார்.

அந்தப் புகழை என்னால் விழுங்க முடியவில்லை. என் அப்பப்பா கிளார்க் என்றேன். கடலுக்குப் போனது ஜூட்டின் அப்பப்பா, அந்தக் காரணத்துக்காகவே இவருக்கு என் மகளைத் தரத் தயங்கினேன் என்றும் சொன்னேன்.

ஊலிக்கு விளங்கவில்லை. உங்கள் நாட்டில் மீனவர் என்றால் மதிப்பா, மதிப்பில்லையா என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை — அறிய விரும்பித்தான் கேட்டார். ஜூட் தலை நிமிராமல் மீனின் வாயிலிருந்து கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். போனை எடுத்துவந்து என் முன் வைத்தாள். பிறகு, "பிள்ளைக்குப் போன் எடுங்கோ" என்றாள். எடுத்தேன். எங்களுக்குச் சம்மதம் என்று பெரிய மனிதத் தோரணையில் அறிவித்தேன்.

"சந்தோசம் அப்பா," என்றாள் அபிராமி. "ஜூட் வீட்டில என்ன சொல்லுகினம் எண்டு கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

நேற்று நானும் மனைவியும் ஜூட் வீட்டுக்குப் போனோம். மரியாதையாக வரவேற்றார்கள். நாங்கள் முன்பு சொன்னதை மறைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவருடைய தகப்பனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார்.

யோசிக்கட்டும்... எங்களைப் போன்றவர்களிடம் பிள்ளையைக் கொடுப்பதென்றால் யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள்.