மேல்பல் இல்லாத எலி

யாதம் தன் ஆடுகளைத் திருப்பும் விதத்தை எங்கள் புல்வெளியில் எல்லோரும் கேலி செய்வார்கள். மற்ற மேய்ப்பர்கள் குதிரைமேல் உட்கார்ந்தபடியே ஒரு விசிலில் வேலையை முடித்துக்கொள்வார்கள். யாதம் அந்த வறண்ட ஓடைக்கு நூறடி முன்பே குதிரையை விட்டு இறங்கி, முந்நூறு ஆடுகளுக்கும் ஓடைக்கும் நடுவே போய் நின்றுகொள்வார். "யாதமோட ஆடுங்க ஓநாய்க்குப் பயப்படாது, ஓடைக்குத்தான் பயப்படும்" என்பார்கள். அவர் சிரிப்பதில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், துலம் குளிர்காலத்தில் ஆடுகளோடு தங்கும் பள்ளத்தாக்கு.

இருவருடைய ஆடுகளுக்கும் இருபது வருடமாக ஊசி போட்டு வருகிறேன். யாதம் உத்தமர் என்று நிறுவ இதை எழுதவில்லை. கவனமான மனிதர். அந்தக் கவனத்துக்கு அவர் கொடுத்த விலையில் பெரும்பகுதி இன்னொருவருடையது.

பதினோரு வருடத்துக்கு முன் கோடையில் மழை பொய்த்தது. துலம் கணவனை இழந்தவள், யாதமைவிட எட்டு வயது மூத்தவள். தன் பள்ளத்தாக்கைக் கோடை முழுதும் குளம்பு படாமல் வைத்திருந்தாள். அப்படி விட்ட புல் நின்றபடியே காய்ந்து, பனிக்கு அடியில் தை மாசி வரை கிடக்கும். ஆடுகள் காலால் பனியைக் கிளறித் தின்று பிழைக்கும். இலையுதிர் காலத்தில் தொண்ணூறு ஆடுகளோடு அவள் மூன்று நாள் தொலைவுக்கு மேய்ச்சல் தேடிப் போனாள். போகும்போது, "தம்பி, என் புல்லு மேல ஒரு கண்ணு வெச்சுக்க" என்று யாதமிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மாலை ஆடுகள் தாமாகவே ஓடையைத் தாண்டின. அவர் திருப்பவில்லை. ஒரு வாய்தானே என்று நினைத்தார். அந்த ஒரு வாய் பன்னிரண்டு நாள் நீடித்தது. அவருடைய சரிவில் புல் இல்லாமல் போகவில்லை. துலமுடையதைத் தின்றால் தன்னுடையது மிஞ்சும், அவ்வளவுதான். கடைசி நாள் முதுகுக் கூடையை மாட்டிக்கொண்டு, கிடந்த புழுக்கை முழுவதையும் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு வந்தார். அடுப்பெரிக்கப் புழுக்கை பொறுக்குவது எங்களுக்கு அன்றாட வேலை. பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதல் பனியோடு துலம் திரும்பினாள். யாதம் தயிர்க்கட்டிப் பையோடு எதிர்கொண்டு போனார். அவள் கையுறையைக் கழற்றிப் பனியை விலக்கி, கட்டைப் புல்லைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எலி, அக்கா. இந்த வருஷம் எலித் தொல்லை" என்றார்.

"எலியா" என்றாள். கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அந்தக் குளிர் கொடியது. எங்கள் புத்தாண்டான வெள்ளை மாதப் பண்டிகை வருவதற்குள் அவளுடைய நாற்பது ஆடுகள் செத்துவிட்டன. பண்டிகையன்று இளையவர் மூத்தவர் கூடாரத்துக்குப் போய், அவர் கைகளைத் தன் கைகளால் அடியிலிருந்து தாங்கி நலம் கேட்க வேண்டும். பிறகு ஆடுமாடுகளின் நலம். பதில் எப்போதும் ஒன்றுதான்: நல்லா இருக்கு. வாசலில் பிணம் குவிந்து கிடந்தாலும் அதுதான் பதில்.

யாதம் அவள் கைகளைத் தாங்கினார். "சுகமா குளிர் கழியுதா அக்கா?" என்றார். அடுத்த கேள்வி வரவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் நாற்பதும் விறைத்து அடுக்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

"கேளு தம்பி. கேட்டாத்தானே நான் நல்லா இருக்குன்னு சொல்ல முடியும்."

"எலி இல்ல அக்கா."

"தெரியும். எலி கடிச்சா தண்டு சாய்வா, கத்தி வெச்ச மாதிரி இருக்கும். வளை வாசல்ல குவிச்சு வெச்சிருக்கும். இது தரையோட ஒட்ட மேஞ்சு, நுனி பிஞ்சு கெடந்துச்சு. உன் எலிக்கும் ஆட்டுக்கு மாதிரியே மேல்பல்லு இல்லையே!"

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே, அக்கா."

"நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லியிருந்தா அன்னிக்கே உன் சரிவுக்கு ஓட்டிட்டு வந்திருப்பேன். நீ வரல. நானும் வாயத் தெறக்கல. தேநீர் ஆறுது, குடி."

மறுநாளே மிச்சமிருந்த ஐம்பதையும் அவர் தன் சரிவுக்கு ஓட்டி வந்தார். அதன்பின் ஒன்றும் சாகவில்லை. அதுதான் அவரைத் தின்றது. ஒரு வாக்கியத்தில் நாற்பது பிழைத்திருக்கும். திருட்டைவிட அந்த மௌனம்தான் அதிகம் கொன்றது என்பது அவர் முடிவு. துலமின் பிடிவாதத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் ஒருமுறை சொன்னேன். "அது அவங்க கணக்கு டாக்டர், நீங்க அதுல கை வெக்காதீங்க" என்றார். மன்னித்துவிட்டார்களா என்றேன். "கேக்கல."

போன வருடம் மறுபடி வறட்சி. துலம் குதிரையேறி வந்தாள்.

"கீழ்ப்பாதியில புல்லு முத்தி நிக்குது. மேய எனக்கு ஆடு பத்தல. உன்னுதை ஓட்டிட்டு வா."

"வேணாம் அக்கா."

"ஏன், இந்தத் தடவை எலி அனுப்பலையா?"

அவர் அசையவில்லை. அவளே விசிலடித்து, முந்நூறையும் ஓடைக்கு அப்பால் ஓட்டிப் போனாள். அவர் பின்னாலேயே நடந்தார். ஐந்து நாள் குதிரை ஏறவில்லை. குனிந்து குனிந்து புல்லை விரலால் அளந்தார். பாதி உயரம் மிஞ்சியதும் மந்தையை நகர்த்தினார். ஆறாம் நாள் காலை கிளம்பினார். வெறுங்கையோடு போவதை அவள் பார்த்தாள்.

"கூடை எங்க? புழுக்கை இம்புட்டு கெடக்கே, குளிருக்கு ஆகுமே."

"கெடக்கட்டும் அக்கா. யாரு மேஞ்சதுன்னு தெரியட்டும்."

பத்து நாள் கழித்து ஊசி போடப் போனபோது நான் அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தேன். புழுக்கை கிடந்தபடியே கிடந்தது. அவளும் பொறுக்கியிருக்கவில்லை.