கோபுரத்தைவிட்டு இறங்காத ஒட்டிலியா

1629 ஜூன் 4: அவதூறு வழக்குக் கட்டணம், அரை குல்டன்.
1629 ஆகஸ்ட் 21: சித்திரவதைக்காரன் கூலி, மூன்று குல்டன்.
1629 செப்டம்பர் 2: பல்கலைக்கழகத்துக்குத் தூதன், நான்கு குல்டன்.
1629 நவம்பர் 20 முதல்: கைதி உணவு, வாரத்துக்குக் கால் குல்டன்.
1630 ஜனவரி 17: மறுபடியும் தூதன், நான்கு குல்டன்.

முதல் தொகையைக் கட்டியவர் வாத்து வளர்த்துப் பிழைத்த விதவை ஒட்டிலியா. மற்றதெல்லாம் நகரத்தின் பணம். நகர எழுத்தர் என்ற முறையில் எழுதியவன் நான்.

பக்கத்து வீட்டு ஊர்சுலாவுக்கு ஒருநாள் வெண்ணெய் திரளவில்லை. கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் ஒட்டிலியாவைச் சூனியக்காரி என்றாள். எங்கள் ஊரில் இப்படிப் பழி கேட்டவர் வழக்குப் போட்டாக வேண்டும். சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒட்டிலியா போட்டார். நகர மன்றம் ஊர்சுலாவிடம் ஆதாரம் கேட்டது. அவள் ஏழு சாட்சிகளைக் கூட்டி வந்தாள். ஒருவருக்கு மாடு செத்திருந்தது, ஒருவருக்கு இடுப்பு வலி. வழக்குப் போட்டவர் அன்று மாலையே கோபுரச் சிறையில் இருந்தார்.

கட்டைவிரல்களை இடுக்கித் திருகினார்கள்.

"ஒத்துக்கோ கிழவி, வலியாவது மிச்சமாகும்."

"எதை ஒத்துக்கிறது? அவளுக்குக் கடையத் தெரியலைன்னா நானா பொறுப்பு?"

சித்திரவதையில் அதற்கு மேல் போக, பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர்களின் கருத்து வேண்டும். வழக்குக் காகிதங்களைக் கட்டி அனுப்பினோம். குற்றமில்லை, விடுவிக்கவும் என்று பதில் வந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் விடுதலையாகிறவர் இது தொடர்பாக யார் மேலும் வழக்கு நடத்த மாட்டேன் என்று சத்தியம் செய்வது வழக்கம். நகரத் தலைவர் வெண்டெல் மூச்சிரைக்க மேலே ஏறினார்.

"ஒட்டிலியாம்மா, ஒரு சத்தியம் பண்ணிட்டு வீட்டுக்குப் போங்க."

"அப்ப நான் போட்ட வழக்கு?"

"அதையும் விட்டுடணும்."

"விட்டுட்டா அந்தப் பேரு என் மேலயே நிக்கும். அடுத்த ஆலங்கட்டி மழைக்கு மறுபடியும் என்னைத்தானே தூக்கிட்டு வருவீங்க? அப்ப எரிச்சிட்டுத்தான் விடுவீங்க. அவ சொன்னது பொய்னு முதல்ல எழுதிக் குடுங்க. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க ஐயா, குளிருது."

வெண்டெல் இறங்கி வந்து என் மேல் பாய்ந்தார்.

"கதவு தொறந்து கிடக்கு, கைதி போகமாட்டேங்கிறா! இதை எந்தக் கணக்குல எழுதுவீரு?"

"கைதி உணவு."

"யாரு காசு?"

"குற்றமில்லைன்னு வந்தாச்சே. நம்ம காசுதான்."

மன்ற உறுப்பினர்கள் இரண்டு மாதம் பல்லைக் கடித்தார்கள். பாதிரியார் பேசிப் பார்த்தார். ரொட்டியைக் குறைத்தும் பார்த்தார்கள். அதற்குள் ஒட்டிலியாவின் பதினொரு வாத்துகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவை யார் வீட்டு அடுப்பில் வெந்தன என்று சொல்ல ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை. சூனியத்துக்கு ஏழு பேர் கிடைத்த ஊர் இது. கடைசியில், வேறு வழியின்றி, அவதூறு வழக்கையும் பேராசிரியர்களுக்கு அனுப்பினோம்.

ஊர்சுலா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எழுந்து நின்று, தான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும் என்பது தீர்ப்பு. ஒட்டிலியா என்னை அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, சரியாக மடங்காத கட்டைவிரல்களால் தலைத்துணியை முடிந்துகொண்டார்.

"இப்ப சொல்லுங்க, எங்க சத்தியம் பண்ணணும்?"

சத்தியம் செய்தார். படியிறங்கினார். விடுதலைத் தேதி என்று நான் எழுதியது இந்த இரண்டாவது தீர்ப்பு வந்த தேதியைத்தான்: 1630 ஏப்ரல் 26.