குளத்துப் படகுக்கு என்ன கலர்

படகு வந்து இறங்கிய அன்று வீட்டு முன்னால் நின்றவர்கள் அப்பா, அம்மா, பெரியப்பா, அக்கா வீட்டுக்கார அத்தான், நான். வராதவர் சித்தப்பா. பாதிப் பணம் தருகிறேன் என்று முதலில் துள்ளியவர் அவர்தான். வள்ளியூரில் ஒரு கல்யாணம், வர முடியவில்லை என்று போனில் சொன்னார். அது புரட்டாசி மாதம். புரட்டாசியில் யார் வீட்டில் கல்யாணம் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பேட்டையில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் பாயிடம் எடை போட்டு வாங்கிய படகு. ஏதோ ஒரு படகுக் குழாமில் ஆட்களை ஏற்றிச் சுற்றியது, ஓட்டையானதும் ஏலத்தில் கழித்துவிட்டார்கள். பன்னிரண்டடி அலுமினியம். அடியில் தகடுகள் சேரும் இடத்தில் ரிவிட்டுகள் ஆடின. உட்காரும் பலகை உளுத்துப் போயிருந்தது.

"கல்யாண வீட்டு அண்டாவை மிதிச்சு நீட்டுன மாதிரி இருக்கு," என்றாள் அம்மா. அந்தப் படகைப் பற்றி எங்கள் வீட்டில் பேசப்பட்டதிலேயே உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

அப்பா, சீவலப்பேரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்க் குளத்தில், குத்தகைக்காரரிடம் பங்குக்கு மீன் பிடிக்கிறவர். லாரி ட்யூபில் காற்றடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இடுப்புக்குக் கீழே தண்ணீரில் ஊறிக்கொண்டே வலை விரிப்பார். போன கார்த்திகையில் நடுக்குளத்தில் கெண்டைக்கால் சுண்டி இழுத்து, ட்யூபிலிருந்து நழுவிவிட்டார். கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் நீந்திப் போய் இழுத்து வந்தார். இனிமேல் தண்ணீரில் கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, மறுநாள் அந்த ட்யூபைத்தான் பஞ்சர் ஒட்டக் கொண்டுபோனார். ஐப்பசி மழையில் குளம் பெருகுவதற்குள் அவரைப் படகில் ஏற்றிவிட வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஒரு கவலைதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் மெக்கானிக்கல் டிப்ளமோ. அதனால் வீட்டில் எனக்கு இரண்டு வேலைகள் ஒதுக்கப்பட்டிருந்தன: எல்லாருடைய ஆதார் கார்டையும் திருத்திக் கொடுப்பது, பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது.

ரிப்பேர் விஷயத்தில் மட்டும் என்னை விட்டார்கள். அதில் கை அழுக்காகும். படகுக்குள் தண்ணீர் ஊற்றி, வெளியே கசிந்த இடங்களிலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். அப்பா உள்ளே கனமான இரும்பை அண்டக் கொடுக்க, நான் வெளியிலிருந்து ரிவிட்டுகளை அடித்து இறுக்கினேன். முடியாததைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். கார் கண்ணாடி ஒட்டுகிற பசையை வாங்கி இணைப்பு நெடுகப் பூசினோம். இடித்த வீட்டுக் கதவொன்றை அறுத்து இருக்கைப் பலகை. மறுபடி தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. அன்றைக்கே படகைக் குளத்தில் தள்ளியிருக்கலாம்.

"மொட்டையாவா விடப்போற?" என்றார் பெரியப்பா. "ஊர்ல என்னலே நெனப்பான்?"

"அலுமினியம் துருப்பிடிக்காது பெரியப்பா. பெயின்டே வேண்டாம்."

"இவன் ஒருத்தன். ஏலே, துருவுக்கா பெயின்ட் அடிக்கான் மனுசன்?"

அத்தான் சாத்தான்குளம் பக்கம் மினிபஸ் ஓட்டுகிறவர். மினிபஸ்ஸை ஜோடிப்பதுபோலப் படகையும் ஜோடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பச்சை அடித்து, விளிம்பில் மஞ்சள் பட்டை இழுத்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. காலையில் பெரியப்பா வந்து பார்த்தார், முகம் செத்துவிட்டது.

"வே மாப்ள, இது யாரு கலர்னு தெரியுமா ஒமக்கு?"

எங்கள் பக்கத்தில் ஒரு நிறம் தனியாக இருந்தால் வெறும் நிறம். இரண்டு நிறங்கள் ஒட்டி நின்றால் அதற்கு ஒரு சாதி முளைத்துவிடும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பையன்களின் மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்தே யார் யாரோடு உட்காருவான் என்று சொல்லிவிடலாம். வாத்தியார்கள் கத்தரிக்கோலோடு வந்து வெட்டுவார்கள். திங்கட்கிழமை புதுக் கயிறு வரும். அந்தக் கயிறு இப்போது என் அப்பாவின் படகு வரைக்கும் நீண்டு வந்திருந்தது.

தின்னர் வாங்கி, துணியை முக்கி, நானும் அப்பாவும் துடைத்தோம். அடுத்தது நீலம், ஒரே நீலம்.

"நீலத்துக்கு ஆளு இல்லன்னு நெனச்சியளோ?" என்றார் பெரியப்பா. மறுபடி தின்னர். அத்தான் வெள்ளை டப்பாவோடு வந்து நின்றார்.

"எலெக்சன் வருது மாப்ள. வெள்ளை அடிச்சு வச்சீருன்னா, இது எங்க கட்சி எடம்னு எவனாவது எழுதிட்டுப் போயிருவான்."

"படகுலயா?" என்றேன்.

"ஆட்டு முதுகுலயே எழுதுதான். நீ சும்மா இரி."

இப்படி மூன்று பெரிய மனிதர்கள் — அத்தான், பெரியப்பா, போனில் சித்தப்பா — உலகத்தில் உள்ள நிறங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடுத்தவர்களுக்குத் தானம் செய்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். குளம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. ஒரு விடியற்காலை பம்பு அடிக்கிற சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அப்பா ட்யூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"வலை நேத்தே போட்டிருக்கணும். குத்தகைக்காரர் வேற ஆளு பாத்துருவாரு," என்றார்.

பெரியப்பாவும் அத்தானும் மழைக்கு ஒதுங்கி, சாம்பல் நிறத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"பெரியப்பா, அப்பா முங்கிப் போனா மேல போத்துத துணியை எந்தக் கலர்ல எடுக்கணும்னு அதையும் இப்பவே பேசி முடிச்சிருங்க."

அவரிடம் அப்படி நான் பேசியதில்லை. அத்தான் தரையைப் பார்த்தார். அப்பா பம்பை நிறுத்தினார். பெரியப்பா என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் ஒரு முனைக்குப் போனார்.

"அந்தப் பக்கம் புடிங்கவே. பைய, பைய."

தெருமுனை வரைதான். அதற்குள் அவருக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது. "தார்ப்பாயைப் போட்டு மூடிக் கொண்டு போயிருவமா?"

"தார்ப்பாயும் நீலம்லா மாமா," என்றார் அத்தான்.

மூடாமலேயே கொண்டுபோனோம். ஒரு விலாவில் துடைத்தும் போகாத பச்சை, அடியில் நீலத் திட்டு, மூக்கில் கொஞ்சம் மஞ்சள், மற்ற இடமெல்லாம் அண்டா நிறம். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னவே, எல்லாரும் கூட்டணியா?" என்றார்.

அப்பா, பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டவர்போல விறைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தார். பலகை குத்துகிறது, ட்யூபுதான் சுகம் என்று திட்டிக்கொண்டே துடுப்பைப் போட்டார். வெயில் ஏறித் திரும்பி வந்தபோது முழங்காலுக்குக் கீழே அவர் கால் காய்ந்திருந்தது. படகுக்குள்ளும் தண்ணீர் இல்லை.

படகுக்குப் பதினோராயிரத்து இருநூறு, லோடு ஆட்டோவுக்குத் தொள்ளாயிரம், ரிவிட்டு, பசை, பலகைக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. அடித்துப் பார்த்து அழித்த பெயின்டுக்கும் அழிக்க வாங்கிய தின்னருக்கும் ஆறாயிரத்து முந்நூறு. ஆக மொத்தம் இருபத்தோராயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். சித்தப்பாவின் பாதி இன்னும் வரவில்லை.