பிரதி இல்லாத படம்

கிரானில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் ஏறிய காலை அது. முழங்காலளவு தண்ணீர். மேசையில் என் கணினி இருந்தது. கிரிப்டோ நாணய வலையமைப்பின் ஒரு கணுவாக, அதாவது ‘நோட்’ (node) ஆக, அதை இரண்டு வருடம் ஓடவிட்டிருந்தேன். நாணயம் எங்கே கைமாறினாலும் சரிபார்த்து, அந்தக் கைமாற்றங்களின் முழுப் பதிவேட்டின் பிரதியையும் அது வைத்திருக்கும்.

“இஞ்சேருங்க, முதல்ல அலுமாரிக்க இருக்கிற அண்ணாட படத்த எடுங்க!” குழந்தையைத் தோளில் போட்டபடி மனைவி கத்தினாள்.

“பொறு, இத வச்சிட்டு வாறன்.”

கணினியைத் தலையில் சுமந்துபோய் எதிர்வீட்டு மாடியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அலுமாரி கவிழ்ந்து கிடந்தது. காணாமற்போன அவளுடைய அண்ணனுக்கு இருந்த ஒரே படம், மை கரைந்து வெறும் வெள்ளைத் தாளாகக் கையில் வந்தது.

வெள்ளம் வடிந்தபின் கணினியை இயக்கினேன். தவறவிட்ட பதிவுகளை மற்ற நோட்களிடம் தானே கேட்டு வாங்கிக்கொண்டது. அது மூழ்கியிருந்தாலும் எதுவும் அழிந்திராது. அதே பதிவேடு உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. இதை ஊருக்கே பெருமையாக விளக்கியவன் நான்.

மனைவி திட்டவில்லை. “உங்கட போன்ல அண்ணாட படம் இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

முன்பின் தெரியாதவர்களின் கணக்குக்கெல்லாம் பிரதி வைத்திருந்த நான், அந்தப் படத்தை ஒருதரம்கூடப் போனில் எடுத்து வைத்திருக்கவில்லை.