மாட்டுக்கொட்டகையை விரட்டிய ஊர்

ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளியை முடித்துவிட்டு ஒரு சர்வேயருக்கு உதவியாளாகச் சேர்ந்த நாட்களில், எங்கள் சிற்றூருக்கு நானே ஒரு சரித்திரம் எழுதிவிடுவது என்று துடித்துக்கொண்டிருந்தேன். கிழக்கே சுண்ணாம்புக் குன்றுகள், மேற்கே ஆறு. நடுவில் ஈயம் கிடைத்தது, ரயில் நின்றது, சீனர் கடைகள் மாடி கட்டின. இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. எந்தத் தெரு முந்தியது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

பால்காரக்காவையும் கேட்டேன். தோட்டத்து வேலையை விட்டு வந்து, மாடு வைத்துப் பிழைத்தவள்.

"ஊர் வளருது, வளருதுன்னு குதிக்கிற. என் மாட்ட வெரட்டிக்கிட்டேல்ல வளருது" என்றாள்.

உண்மைதான். ஊர் எல்லைக்குள் மாடு கட்டக்கூடாது என்பது ஊரை நிர்வகிக்கும் சுகாதார போர்டின் சட்டம். அவள் கொட்டகை முதலில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. அங்கே சரக்குக் கிடங்கு வந்தது. பிறகு மார்க்கெட் ஓரம். அங்கே துணிக்கடைகள் வந்தன. இப்போது பழைய தோட்டத்தில் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தாள். அதையும் உள்ளே இழுத்துப் போட்டு புது எல்லைக்கோடு போடத்தான் நாங்கள் போயிருந்தோம். எல்லைக்கல் நட்டால் அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயாக வேண்டும். அவளுடைய சிவப்புப் பசுவோ நிறைமாதம்.

நாங்கள் மரங்களை வெட்டிக் கோட்டுக்கு வழி எடுக்கப் போன அன்று விடியற்காலையில்தான் அது கன்று போட்டிருந்தது. கோட்டுக்கு நேர் நடுவில் ஒரு ரப்பர் மரம். அதன் கிளையில் வைக்கோல் பொட்டலம் ஒன்று தொங்கியது. மரம் வெட்டும் அண்ணன்மார் இருவரும் பாராங்கத்தியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

கன்று போட்டபின் விழும் பசுவின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றிப் பால் வடியும் மரத்தில் கட்டுவது நம்மவர் வழக்கம். கட்டினால் பால் பெருகும். அதைக் கலைத்தால் மடி வற்றிவிடும் என்பார்கள்.

"மரந்தானே அண்ணே, வெட்டுங்க" என்றேன்.

"நீயே வெட்டு தம்பி. அப்புறம் காப்பிக்குப் பால் கேட்டு அக்காகிட்டப் போயி நிக்காதே" என்றார் ஒருவர். மற்றவர் வெற்றிலையை மடித்தார்.

அதற்குள் சர்வேயர் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கோடு என்றால் கோடு என்று நிற்பவர். அக்கா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, கன்னு இன்னும் நிக்கப் பழகல. மழையில ஆத்துல இடுப்பளவு தண்ணி ஓடுது. கல்லு நட்டா அன்னிக்கே போயிடணுமாம்லா."

அவர் கிளையை நிமிர்ந்து பார்த்தார். "ஆலமரம் கிடைக்கேல்லையோ?"

"இங்க ஏதுங்க ஐயா? இதுவும் பால் மரந்தானே."

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "எங்கட ஊரிலயும் கட்டுறனாங்கள். ரப்பரிலை கட்டி இப்பதான் பாக்கிறன்." பிறகு குரலை இறுக்கிக்கொண்டார். "கோடு மாறாது பிள்ளை. ஆனா எந்தப் பக்கத்திலயிருந்து தொடங்கிறது எண்டது என்ர விருப்பம். தம்பி, சாமானைத் தூக்கு. ரயில் பாதைப் பக்கம் போவம்."

வெயிலில் அளவுக் கருவியின் முக்காலியைச் சுமந்து ஊரைச் சுற்றி நடந்தேன். மறுநாள் அக்கா கருப்பட்டி போட்டுக் கிண்டிய சீம்பாலைக் கொடுத்தனுப்பினாள். சர்வேயர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கோடு ஊரை வளைத்துத் திரும்பி வருவதற்குள் மழை ஓய்ந்து ஆறு வடிந்தது. பொட்டலம் காய்ந்து தானே உதிர்ந்தது. கன்று துள்ளி ஓடியது. அக்கா மாடுகளை ஆற்றைக் கடத்திக் கொண்டுபோனாள். அதன் பிறகே மரம் விழுந்தது. கல்லை நிமிர்த்திப் பிடித்தது நான்.

மறுநாள் காலை அந்தக் கல்லருகே சிவப்புப் பசு நின்றுகொண்டிருந்தது. தானாகவே ஆற்றைத் தாண்டிப் பழைய இடத்துக்கு வந்திருக்கிறது. பின்னாலேயே கயிற்றோடு அக்கா.

"வாடி, ஊருக்குள்ள ஒனக்கு எடமில்ல" என்று அதன் கழுத்தைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அந்தக் கரையிலயாச்சும் கொஞ்ச நாளு விட்டு வைப்பாங்களா தம்பி?"

சர்வேயரின் மேஜையில் புது வரைபடத்தை நான் பார்த்திருந்தேன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

"ஆத்துக்குப் பாலம் வரப்போவுதுக்கா."

அவள் கயிற்றைப் பசுவின் கழுத்தில் மாட்டினாள்.

"புதுக் கொட்டாய்க்குக் கூரை வேயல இன்னும். அப்ப இன்னும் கொஞ்சம் தள்ளியே போட்டுக்கிறேன்" என்று பசுவை ஓட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.