ஆன்லைனில் நெஞ்சை அமுக்கலாமா?

உயிரில்லாத பொம்மையின் நெஞ்சை அமுக்கச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடியறையில், நின்றுபோன இதயத்தை ஓடவைக்கும் சி.பி.ஆர் முறையை நர்ஸுகளுக்குப் பழக்கி, சோதித்து, சான்றிதழ் கொடுப்பேன். அந்தச் சான்றிதழுக்கு இரண்டு வருஷம்தான் ஆயுசு. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பதுபோல அதைப் பார்த்துப் பார்த்துப் பதறுகிற சகோதரிகளே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

மீன் பொரிகிற நேரம்

2015 வாக்கில் நடந்தது. இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி ஷைனி, குவைத்தில் நர்ஸ். லீவில் வந்திருந்தாள். திரும்பிப் போவதற்குள் சான்றிதழைப் புதுப்பிக்காவிட்டால் வார்டில் நிற்க விடமாட்டார்கள். என் வகுப்புக்குப் பெயர் கொடுத்தவளை ஆளையே காணோம். போன் செய்தேன்.

“அதெல்லாம் ஆன்லைன்ல முடிச்சாச்சு சிஸ்டர். அடுப்புல நெய்மீன் கெடந்துது. ஒரு பக்கம் பொரியதுக்குள்ள பரீட்சை, மறுபக்கம் பொரியதுக்குள்ள சர்டிபிகேட்டு!” என்றாள் உற்சாகமாக. கையால் அமுக்கிக் காட்டச் சொன்னார்களா என்று கேட்டேன்.

“சொன்னான் சிஸ்டர். ‘சப்மிட்’டுன்னு இருந்த எடத்துல அமுக்கச் சொன்னான்.”

புதிய நர்ஸ் ஒருவர்

அந்தச் சான்றிதழை அனுப்பிவைத்தவளுக்குக் குவைத் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. கைப்பயிற்சியை நேரில் பார்த்துச் சோதித்தது யார்? அதைச் சொல்லாவிட்டால் சான்றிதழ் செல்லாது. ஷைனி புருஷனைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “வேல போயிருமா சிஸ்டர்?” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

தைரியம் சொல்லி உட்காரவைத்தேன். நான் ஆன்லைனுக்கு எதிரி இல்லை. பாடத்தை வீட்டிலிருந்து படித்துவிட்டு, கைப்பழக்கத்தை மட்டும் நேரில் வந்து காட்டுகிற வகுப்பும் உண்டு. கைக்குழந்தைக்காரிகளுக்கு அது பெரிய உபகாரம். ஆரம்பம் முதல் கடைசிவரை போனிலேயே முடிந்துபோகிற சமாச்சாரத்தைத்தான் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் ஏற்பதில்லை. இதை நான் விளக்கிக்கொண்டிருக்க, புருஷன் சேவியர் ஒரு மூலையில் தன் போனை நோண்டிக்கொண்டிருந்தார். படகு எஞ்சின் மெக்கானிக். சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

“சிஸ்டர், அதே பரீட்சைய நானும் எழுதிப் பாத்தேன், பாஸ். தொழில் கேட்ட எடத்துல நர்ஸுன்னு போட்டேன், அவனும் ஒத்துக்கிட்டான். இனி நானும் குவைத்துக்குப் போலாமா?”

அழுதுகொண்டிருந்த ஷைனிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டிக்கெட்

அந்த வாரம் எனக்குக் கோட்டாறில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வகுப்பு. ஷைனியை அங்கே வரச் சொல்லிவிட்டு, பொம்மையைச் சாக்கில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். பொம்மைக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. தலை மட்டும் சாக்குக்கு வெளியே எட்டிப் பார்க்கும். பக்கத்து சீட்டு அம்மா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். கண்டக்டரிடம், இது பொம்மை, உயிர் கொடுக்கப் பழக்குவதற்கு என்று விளக்கினேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

“நடுவழியில உயிர் வந்திச்சுன்னா டிக்கெட் எடுத்திரணும், கேட்டியளா.”

வியர்வை

வகுப்பில் நான் எதைக் கேட்டாலும் ஷைனி டக்டக்கென்று பதில் சொன்னாள். எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், எல்லாம் மனப்பாடம். முட்டி போட்டு அமுக்கத் தொடங்கியதும்தான் சோதனை. போதுமான ஆழத்துக்கு அமுக்கினால் பொம்மைக்குள் ‘டிக்’ என்று சத்தம் வரவேண்டும். வரவே இல்லை. ஆப்ப மாவு புளித்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல் அமுக்கினாள். முழங்கை மடங்கியது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. தேறவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கோபத்தோடு போனவள் மறுநாள் காலையில் மாடியறை வாசலில் நின்றாள். முழங்கையை மடக்காதே, தோளின் பாரத்தை இறக்கு என்று சொல்லிச் சொல்லி மத்தியானம் வரை பழக்கினேன். கடைசியில் ‘டிக் டிக்’ என்று சீராகக் கேட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“அந்த ஆன்லைன் வீடியோல அமுக்கின பொண்ணுக்கு ஒரு சொட்டு வேர்க்கல்லியே சிஸ்டர்!”

கல்யாண மண்டபம்

ஷைனி புறப்படுவதற்கு முன் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் நின்ற மாமா லாரன்ஸ் அப்படியே சரிந்து விழுந்தார். மூச்சில்லை. ஒருவர் சோடாவை உடைத்தார், ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஷைனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், பட்டுச்சேலையோடு முட்டி போட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள். “நெஞ்சடைச்சு விழுந்த ஆளுக்க நெஞ்சப் போட்டு இடிக்காளே!” என்று ஒரு சித்தி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். சேவியர் குறுக்கே நின்று யாரையும் கிட்டே விடவில்லை. எங்கள் மாவட்டத்துக் கல்யாண வீட்டில் நர்ஸுக்கா பஞ்சம்? சாம்பார் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேர் வந்து, மாற்றி மாற்றி அமுக்கினார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை யாரும் நிறுத்தவில்லை. அதில் வந்தவர்கள் ஷாக் கொடுத்ததும் நாடி திரும்பியது.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஷைனி எனக்குப் போன் செய்தாள். “மாமாவ ஐ.சி.யு.ல வச்சிருக்கு சிஸ்டர், நெஞ்சு அடிக்குது” என்றாள்.

மாமா கண் விழித்து, வார்டுக்கு மாற்றியபிறகு இருவருமாகப் பார்க்கப் போனோம். விலா எலும்பில் விரிசல். சரியாக அமுக்கினால் அப்படி ஆவதுண்டு, ஆறிவிடும் என்றேன். இருமக்கூட முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், ஷைனியை மேலும் கீழும் பார்த்தார்.

“காப்பாத்தினது எல்லாம் சரி மக்ளே, கொஞ்சம் பைய அமுக்கப்பிடாதா?”

ஆக இந்தத் தொழிலில், சொல்லிக்கொடுத்தது பலித்தால் திட்டு விழும். பலிக்காவிட்டால் திட்டுவதற்குக்கூட ஆள் இருக்காது.