சிரிக்க வேண்டிய ஷாட்

அப்பா இறந்த அன்று எனக்கு முதலில் தோன்றியது, அவருடைய டப்பிங் இன்னும் முடியவில்லையே என்பதுதான். பெற்ற மகன் நினைக்கிற நினைப்பா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அதுதான் வந்தது. அழுகை வரவில்லை.

புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களுக்கென்று ஓர் உதவித் திட்டம் இருக்கிறது. முதல் படமாக இருக்க வேண்டும். சொந்த வட்டாரத்திலேயே எடுக்க வேண்டும். நடிப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும். சொன்ன தேதிக்குள் படத்தை முடித்துக் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கிற தொகையோ விரலுக்கேற்ற வீக்கம். சென்னையில் அதை வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்கூட எடுக்க முடியாது. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டையும் சொந்தக்காரர்களையும் வைத்துக்கொண்டால் ஒரு முழுப் படமே எடுக்கலாம். எடுத்தேன்.

கதை ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டரைப் பற்றியது. அப்பா கடலூர் – சிதம்பரம் தடத்தில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேறு யாரைத் தேடிப் போவது?

"நடிக்கல்லாம் தெரியாதுடா. டிக்கெட்டு கிழிக்கத்தான் தெரியும்" என்றார். அது போதும் என்றேன். முதல் இரண்டு நாள் கேமராவைப் பார்த்து, சில்லறை இல்லாதவனை முறைக்கிற மாதிரியே முறைத்தார். அப்புறம் பழகிவிட்டது.

படத்தின் முடிவில் கண்டக்டர் இறந்துபோகிறார். அந்தக் காட்சியை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே எடுத்தோம். ஐஸ் பெட்டியை வாடகைக்குக் கொண்டு வந்து இறக்கினதுமே அம்மா பையை எடுத்துக்கொண்டாள். "உசுரோட இருக்குற மனுசனுக்கு மாலையா? என்னால பாக்க முடியாது. நான் போயிட்டு வரேன்" என்று சொல்லி வடலூருக்கு, சபைக்குப் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்களாக நடித்ததெல்லாம் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். அப்பாவின் அக்கா, என் அத்தை, தலைமாட்டில். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கால்மாட்டில் தோளில் துண்டோடு. "எடத்த விட்டு நகராதீங்க, ஷாட் மாறிடும்" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். அத்தை நான் கட் சொல்லும்வரை ராகம் போட்டு அழுவாள். சொன்னதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போதுமாடா, இன்னும் ஜாஸ்தியா அழுவணுமா?" என்பாள்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவர் எழுந்து சிரிக்கிற மாதிரி ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டும். அது படத்தில் வராது. எடுக்காமல் விட்டால் ஆகாது என்பார்கள். எங்கள் கேமராமேன் சென்னையிலிருந்து வந்தவர், இதையெல்லாம் விடமாட்டார். அப்பா மாலையோடு எழுந்து உட்கார்ந்தார். சிரிக்கச் சொன்னால் சிரிப்பு வரவில்லை. "சும்மா எப்புடிடா சிரிக்கிறது?" என்று சுற்றும்முற்றும் பார்த்தார். எல்லார் கையிலும் டீ டம்ளர். அதைப் பார்த்து ஏதோ சொன்னார். கூடமே சிரித்தது, அவரும் சிரித்தார். கேமரா ஓடியது. சவுண்டுக்காரர் அதற்குள் மெஷினை அணைத்துவிட்டிருந்தார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதே ஐஸ் பெட்டிதான் வந்தது. கொண்டு வந்தவர், "பிளக்கு பாயிண்டு அந்த ஜன்னலுக்குக் கீழதான? அன்னிக்கு மாட்டல, இன்னிக்கு மாட்டிடலாம்" என்று அவர் பாட்டுக்குப் போய் மாட்டினார். அம்மா இந்த முறை எங்கும் போகவில்லை. அடுக்களை வாசலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அத்தை வந்தாள், நேராகத் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சித்தப்பா கால்மாட்டில். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட படப்பிடிப்பன்று நான் உட்கார வைத்த இடங்களிலேயே உட்கார்ந்தார்கள். யாரும் யோசித்துச் செய்த மாதிரி தெரியவில்லை. ராகம் போட்டு அழுதுகொண்டிருந்த அத்தை நடுவில் நிறுத்தி, தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். நான் கட் சொல்லக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க எனக்கு வந்தது அது ஒன்றுதான். கொள்ளி வைக்கும்போதுகூட, மரத்துப்போன காலை ஊன்றி நிற்கிற மாதிரிதான் நின்றேன்.

காரியம் முடிந்த மறுநாள் திட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வருத்தம் சொன்னார்கள். பிறகு, படம் எப்போது வரும் என்று கேட்டார்கள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். படப்பிடிப்பில் பதிவான குரலை அப்படியே வைத்துக்கொள்ளலாமென்றால், அதில் அப்பாவைவிடப் பக்கத்து வெல்டிங் பட்டறைதான் அதிகம் பேசியது. சித்தப்பாவுக்கு அப்பாவின் குரல். போனில் அம்மாவே ஏமாந்திருக்கிறாள். அவர் குரல் பொருந்தினால் படம் பிழைத்துவிடும். பொருந்திவிட்டால் அப்பாவின் குரல் அப்புறம் படத்தில் எங்கேயும் இருக்காது. இது தெரிந்துதான் கூப்பிட்டேன். "அண்ணனுக்குப் பேசுறதுக்கு நான் யோசிப்பனா" என்று கிளம்பிவிட்டார்.

சிதம்பரத்தில் கீழ வீதிப் பக்கம் மாடியில் ஒரு ரெக்கார்டிங் அறை. ஆட்டோவில் மைக் கட்டிப் போகிற விளம்பரங்களும் இரங்கல் அறிவிப்புகளும்தான் அங்கே பிழைப்பு. சித்தப்பாவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து, காதில் ஹெட்போன் மாட்டினோம். திரையில் அப்பாவின் வாய் அசையும்போது இவர் பேச வேண்டும். காலையில் தடுமாறினார். "ரெண்டு எழுத்து முந்திப் போறீங்க சார்" என்று ஆபரேட்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பிடித்துக்கொண்டார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஸ்டாப்பிங் பெயர்களைக் கத்துகிற காட்சியில், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். அப்பாதான். சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. படம் பிழைத்தது என்று மட்டும் தெரிந்தது.

கடைசியாக இறப்புக் காட்சி. அதில் அப்பாவுக்குப் பேச்சில்லை. சித்தப்பா தன் அழுகைக்குத்தான் தானே குரல் கொடுக்க வேண்டும். "அண்ணே" என்று ஒரு தடவை சொல்லி அழுதார். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. ஆபரேட்டர் நிறுத்தவில்லை, படம் தொடர்ந்து ஓடியது. சிரிக்கிற ஷாட்டை நான் வெட்டாமல் கடைசியில் ஒட்டி வைத்திருந்தேன். திரையில் அப்பா மாலையோடு எழுந்து உட்கார்ந்தார். சத்தமில்லாமல் வாய் அசைந்தது.

பகல் முழுக்க அந்த வாய்க்குப் பேசிப் பழகியவர் சித்தப்பா. அவரும் அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்தானே.

"ஏன்டா, செத்தவனுக்கெல்லாம் டீ கெடையாதா?"

ஓர் எழுத்து முந்தவில்லை, பிந்தவில்லை. அப்பா சிரித்தார். சித்தப்பாவும் கூடவே சிரித்தார், அதே இழுவையோடு. திரை இருண்டது.

"டேக் ஓகே சார்" என்றார் ஆபரேட்டர். "ஆனா இது படத்துல வருமா?"

"வராது" என்றேன்.

சித்தப்பா ஹெட்போனைக் கழற்றப் போனார். மைக் பட்டனை அழுத்தி, "கழட்டாதீங்க சித்தப்பா, இன்னொரு தடவ போலாம்" என்றேன்.

"ஏன்டா, எதுனா தப்பாயிடுச்சா?" என்று கேட்டார்.

தப்பு ஒன்றுமில்லை. "இன்னொரு தடவ" என்றேன்.